ராணுவ பட்ஜெட் ஏறுகிறதா, இறங்குகிறதா? எந்தக் கணக்கில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராணுவ பட்ஜெட் பற்றி உங்கள் நாளிதழில் சில வாரங்களாக வாசகர் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒன்பதே ஆண்டுகளில் தொகை இருமடங்காகிவிட்டது, பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டிய பணம் அங்கே போகிறது என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். நாட்டின் வருமானத்தில் ராணுவத்தின் பங்கு தேய்ந்துகொண்டே வருகிறது, எல்லையில் நிற்பவனைக் கைவிடுகிறோம் என்று இன்னொரு சாரார். இருவரும் காட்டியிருக்கும் எண்களைச் சரிபார்த்தேன். இரண்டும் சரிதான். ஆளுக்கொரு அளவுகோலை வைத்துக்கொண்டு பேசுவதால்தான் சண்டை முடியவில்லை.

இது டெல்லிக்காரர்களின் விவாதம் என்று நாம் விட்டுவிட முடியாது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பட்டாளத்துக்குப் பிள்ளை அனுப்பாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம். மாநில எல்லைக்கு அந்தப்புறம் சித்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலும் இதே கதைதான். அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத் தளம் இருக்கிறது. பட்ஜெட்டில் ஒரு வரி மாறினால், அது பென்ஷனாகவோ, மருந்துச் சீட்டாகவோ, ஆள் சேர்ப்பு முகாமாகவோ நம் ஊருக்கு வந்து சேர்கிறது. ஆகவே கணக்கைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இடமிருந்தால் முழுவதையும் வெளியிட வேண்டுகிறேன்.

முதலில் மொத்தத் தொகை. 2025-26 பட்ஜெட் வந்த மறுநாள் சில நாளிதழ்கள் 6.81 லட்சம் கோடி என்று போட்டன, சில 4.91 லட்சம் கோடி என்று போட்டன. காட்பாடி சந்திப்பில் தமிழ் நாளிதழையும் தெலுங்கு நாளிதழையும் சேர்த்து வாங்கிப் படிக்கிறவர்கள் இதில் எது பொய் என்று கேட்டார்கள். எதுவும் பொய்யில்லை. பாதுகாப்பு அமைச்சகத்துக்கு நான்கு மானியக் கோரிக்கைகள், அதாவது நாடாளுமன்றத்திடம் பணம் கேட்கும் நான்கு தனித்தனிக் கணக்குகள், உண்டு. 19-ஆம் எண், அமைச்சகத்தின் சிவில் செலவு: 28,683 கோடி ரூபாய். எல்லைச் சாலை அமைப்பும் கடலோரக் காவல் படையும் இதில்தான் வருகின்றன. 20-ஆம் எண், படைகளின் வருவாய்ச் செலவு: 3,11,732 கோடி. சம்பளம், ரேஷன், எரிபொருள், குண்டுகள், உதிரி பாகம், பழுதுபார்ப்பு எல்லாம் இதற்குள் அடக்கம். 21-ஆம் எண், மூலதனச் செலவு: 1,80,000 கோடி. விமானம், கப்பல், பீரங்கி, நிலம், கட்டடம். 22-ஆம் எண், ஓய்வூதியம்: 1,60,795 கோடி. நான்கையும் கூட்டினால் 6,81,210 கோடி. நடுவில் உள்ள இரண்டை மட்டும் கூட்டினால் 4,91,732 கோடி. 'பட்ஜெட் ஒரு பார்வை' ஆவணத்தில் பாதுகாப்பு என்ற வரியில் இருப்பது இந்த இரண்டாவது எண். பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிக்கையில் வருவது முதல் எண். போன ஆண்டுக்கு 4.91 வகையையும் இந்த ஆண்டுக்கு 6.81 வகையையும் எடுத்து ஒப்பிட்டால் ஆகாயத்துக்கு ஏறியதுபோலத் தெரியும். மாற்றிப் போட்டால் பாதாளத்துக்கு இறங்கியதுபோலத் தெரியும். வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் பாதிக்கு மேல் இந்தத் தவறுதான்.

'அரசு செலவழிக்கும் ஒரு ரூபாயில் ராணுவத்துக்கு வெறும் 8 காசு' என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பட்ஜெட்டின் வட்டப் படத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அமைச்சகம் 13.45 சதவீதம் என்கிறது. வித்தியாசம் இங்கே: அந்த வட்டப் படத்தின் ஒரு ரூபாயில் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வரிப் பங்கும் சேர்ந்திருக்கிறது. அது மட்டுமே 22 காசு, அதாவது 14.22 லட்சம் கோடி. அந்த 8 காசுக்கு எடுத்துக்கொள்ளும் தொகையோ பென்ஷன் இல்லாத 4.91 லட்சம் கோடி. ராணுவப் பென்ஷன், 'பென்ஷன்' என்ற தனித் துண்டின் 4 காசுக்குள் போய்விடுகிறது. அதே 6.81 லட்சம் கோடியை மத்திய அரசின் சொந்தச் செலவான 50.65 லட்சம் கோடியால் வகுத்தால் 13.45 சதவீதம் வரும். 8 காசைக் காட்டி 'இவ்வளவு குறைவா' என்பதும், 13.45-ஐக் காட்டி 'இவ்வளவு அதிகமா' என்பதும் ஒரே பணத்தைப் பற்றிய பேச்சு.

அடுத்து, எந்த எண்ணோடு எந்த எண்ணை ஒப்பிடுவது என்ற சிக்கல். பட்ஜெட் தாளில் நான்கு பத்திகள் இருக்கும். முதலில் இரண்டு ஆண்டுக்கு முந்தைய உண்மைச் செலவு. பிறகு போன ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு (முதலில் ஒதுக்கியது), அதற்கடுத்து அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடு (ஆண்டின் நடுவில் மாற்றிக் கணித்தது), கடைசியாக வரும் ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் தங்களுக்குத் தோதான பத்தியை எடுத்துக்கொள்கின்றன. 2023-24-ஐப் பாருங்கள். அந்த ஆண்டு ஒதுக்கீடு 5,93,538 கோடி. முந்தைய ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு 5,25,166 கோடி. அதோடு ஒப்பிட்டால் 13 சதவீத உயர்வு. திருத்திய மதிப்பீடு 5,84,791 கோடி. அதோடு ஒப்பிட்டால் ஒன்றரை சதவீதம்தான். விலைவாசி அதைவிட வேகமாக ஏறியதால் இரண்டாவது கணக்கில் அது உண்மையில் ஒரு சரிவு. ஒரே தாளில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பத்திகள் இவை.

மூலதனத்தில் இது தலைகீழாக நடக்கும். 2024-25-க்கு மூலதனமாக 1,72,000 கோடி ஒதுக்கினார்கள். திருத்திய மதிப்பீட்டில் அது 1,59,500 கோடியாகக் குறைந்தது. 2025-26-க்கு 1,80,000 கோடி. பட்ஜெட்டோடு பட்ஜெட்டை ஒப்பிட்டால் உயர்வு 4.65 சதவீதம். திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 13 சதவீதம். இரண்டாவது எண்ணைப் போட்டுத் தலைப்புச் செய்தி எழுதுகிறவர்கள், அந்த 13 சதவீதம் போன ஆண்டு செலவாகாமல் போன 12,500 கோடியால் பெருத்துத் தெரிகிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

பழைய ஆண்டுகளுக்குப் போகும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. 2015-16 வரை 'பாதுகாப்பு பட்ஜெட்' என்று எல்லோரும் சொன்னது பென்ஷன் இல்லாத தொகை. அந்த ஆண்டு அது 2,46,727 கோடி. பென்ஷன் 54,500 கோடி தனி. 2016-17-இல் கோரிக்கைகளைத் தொகுக்கும் முறையையே மாற்றினார்கள். பென்ஷனையும் சேர்த்து 3,40,921 கோடி என்ற எண் அப்போது வந்தது. பென்ஷன் நீங்கலாக 2,58,589 கோடி. 2,46,727-ஐயும் 3,40,921-ஐயும் பக்கத்தில் வைத்து 'ஒரே ஆண்டில் 38 சதவீதம்' என்று இன்றும் எழுதுகிறார்கள். 2021 அக்டோபர் 1 அன்று இன்னொரு மாற்றம் வந்தது. படைக்கலத் தொழிற்சாலைகள் அனைத்தும் ஏழு அரசு நிறுவனங்களாக்கப்பட்டன. அவற்றில் ஒன்றின் தலைமையகம் நம் ஆவடியில் இருக்கிறது. அதுவரை துறைக்குள்ளேயே ஓடிய கணக்கு, அதற்குப் பிறகு நிறுவனத்திடமிருந்து பொருள் வாங்கும் கணக்காக மாறியது. 2016-க்கு முந்தைய எந்த எண்ணையும் பென்ஷன் உண்டா இல்லையா என்று பார்க்காமல் இன்றைய எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

ஆகவே 2016-17-ஐத் தொடக்கமாக வைத்துக்கொள்வதே நேர்மை. அங்கிருந்து பார்ப்போம். 3,40,921 கோடி 6,81,210 கோடி ஆகியிருக்கிறது. 'இருமடங்கு' என்றவர் சொன்னது மிகச் சரி. இதே காலத்தில் நுகர்வோர் விலைக் குறியீடு சுமார் ஒன்றரை மடங்கு ஏறியிருக்கிறது. விலைவாசியைக் கழித்துவிட்டால் ஒன்பது ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு உயர்வு மிஞ்சுகிறது. ஆண்டுக்கு 3 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். இதே காலத்தில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, விலைவாசி சேர்த்த கணக்கில், 2.3 மடங்கானது. மத்திய அரசின் மொத்தச் செலவு 19.78 லட்சம் கோடியிலிருந்து 50.65 லட்சம் கோடியாக, இரண்டரை மடங்குக்கு மேல் வளர்ந்தது. அதனால் ராணுவத்தின் பங்கு உற்பத்தியில் 2.2 சதவீதத்திலிருந்து 1.9 ஆகவும், மத்திய அரசின் செலவில் 17 சதவீதத்திலிருந்து 13.45 ஆகவும் இறங்கியது. 'தேய்கிறது' என்றவர் சொன்னதும் மிகச் சரி. ராணுவத்துக்குக் கொடுப்பது கூடியிருக்கிறது, மற்றவற்றுக்குக் கொடுப்பது அதைவிட வேகமாகக் கூடியிருக்கிறது. பள்ளிக்கூடப் பணத்தை ராணுவம் பிடுங்கிக்கொண்டது என்ற வாதம் இந்த எண்களுக்கு முன்னால் நிற்காது.

'1962-க்குப் பிறகு இவ்வளவு குறைவாக ஒதுக்கியதே இல்லை' என்ற வாசகத்தைப் பலர் எடுத்தாள்கிறார்கள். அது 2018-19 பட்ஜெட்டின்போது பரவியது. அப்போது சொன்ன 1.58 சதவீதம், பென்ஷன் நீங்கலான 2,95,511 கோடிக்கு உரியது. பென்ஷனைச் சேர்த்தால் 4,04,365 கோடி, அதாவது 2.16 சதவீதம். அதே பென்ஷனற்ற அளவுகோலில் 2025-26 ஒதுக்கீடு 1.46 சதவீதம் வரும். எந்த அளவுகோலை எடுத்தாலும் பங்கு இறங்கித்தான் இருக்கிறது. ஆனால் பென்ஷன் சேர்த்த ஓர் ஆண்டையும் சேர்க்காத இன்னோர் ஆண்டையும் கலந்து 1962-க்கு இழுத்துக்கொண்டு போவது வாசகரை ஏமாற்றுவது.

இனி பென்ஷன். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. 'பென்ஷன்தான் ராணுவத்தைத் தின்கிறது' என்று ஒரு கடிதத்தில் இருந்தது. அந்தச் சொல்லுக்குக் கணக்கில் ஆதாரம் இல்லை. 2016-17-இல் மொத்தத்தில் பென்ஷனின் பங்கு 24 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியது, 2025-26-இல் 23.6 சதவீதம். பங்கு ஏறவே இல்லை. இடையிடையே திடீரென்று வீங்கியது உண்மை. 2022-23-இல் ஒதுக்கியது 1,19,696 கோடி. திருத்திய மதிப்பீட்டில் 1,53,415 கோடி. 33,719 கோடி கூடுதல். முக்கியக் காரணம் 'ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்' திருத்தம். ஒரே பதவியில் ஒரே அளவு காலம் பணியாற்றியவர்களுக்கு, எப்போது ஓய்வு பெற்றிருந்தாலும், ஒரே பென்ஷன் என்ற திட்டம் அது. 2019 ஜூலை 1 முதல் அமலாக வேண்டிய திருத்தத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 டிசம்பரில்தான் ஒப்புதல் தந்தது. 2019 ஜூலை முதல் 2022 ஜூன் வரையிலான நிலுவை மட்டும் 23,638 கோடி. 25.13 லட்சம் பேருக்குச் சேர வேண்டிய பணம் மூன்றரை ஆண்டு தாமதமாக, மொத்தமாக வந்து விழுந்தது. அப்போதும் முழுதாக வரவில்லை. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுக் கெடு வைத்தது: குடும்ப ஓய்வூதியம் பெறுவோருக்கும் வீரதீர விருது பெற்றோருக்கும் ஏப்ரல் 30-க்குள், 70 வயது தாண்டியவர்களுக்கு ஜூன் 30-க்குள், மற்றவர்களுக்கு 2024 பிப்ரவரி வரை மூன்று தவணைகளில். அந்த ஆண்டின் பட்ஜெட் 'உயர்வில்' பெரும் பங்கு, கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுக்காமல் வைத்திருந்த கடன். அதைப் பாதுகாப்புக்கான கூடுதல் ஒதுக்கீடு என்று மார்தட்டுவதும் தவறு, சுமை என்று முகம் சுளிப்பதும் தவறு.

இதையே அடுத்த சில ஆண்டுகளில் மறுபடியும் பார்க்கப்போகிறோம். எட்டாவது ஊதியக் குழு அமைக்கப்படும் என்று 2025 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்தது. அது அமலாகும் ஆண்டில் சம்பளமும் பென்ஷனும் அரியர்ஸோடு ஏறும். 2025-26-இல் படைகளின் சம்பளமும் படிகளும் 1,97,317 கோடி. பென்ஷனோடு சேர்த்தால் 3,58,112 கோடி, மொத்தத்தில் ஏறத்தாழ 53 சதவீதம். இந்தப் பாதி ஏறும்போது மொத்தம் பெரிதாக ஏறும். ஒரு துப்பாக்கிகூட கூடுதலாக வந்திருக்காது. அந்த ஆண்டின் தலைப்புச் செய்தியை எழுதும்போது உங்கள் செய்திப் பிரிவு இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பென்ஷனில் சேராத, ஆனால் பென்ஷன்காரர்களை நேரடியாகத் தொடும் ஒரு வரியும் இருக்கிறது: முன்னாள் படைவீரர்களின் பங்களிப்பு மருத்துவத் திட்டம், ஈசிஎச்எஸ். இது 20-ஆம் எண் வருவாய்க் கோரிக்கைக்குள் இருக்கிறது. 2025-26-இல் 8,317 கோடி. முந்தைய ஆண்டின் ஒதுக்கீட்டைவிட 19.38 சதவீதம் அதிகம். இந்தத் தலைப்பில் பணம் தீர்ந்தால் என்ன நடக்கும் என்பது நம் பகுதிக் குடும்பங்களுக்குத் தெரியும். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளின் பில்கள் ஆன்லைனில் ஏறி, சரிபார்க்கப்பட்டு, பணம் விடுவிக்கப்படாமல் நிற்கும். நிலுவை பெருகினால் மருத்துவமனை பணமில்லாச் சிகிச்சையைத் தள்ளிப்போடும். ஈசிஎச்எஸ் மருத்துவ மையமான பாலிகிளினிக்கில் மருந்துச் சீட்டில் 'இல்லை' என்று குறித்துக் கொடுப்பார்கள். எழுபது வயதுக்காரர் அதை எடுத்துக்கொண்டு கடைக்கு அலைய வேண்டும். மொத்த பட்ஜெட் ஏறியதா இறங்கியதா என்ற விவாதத்தில் இந்த 8,317 கோடி கண்ணுக்கே தெரியாது. மொத்தத்தில் ஒன்றேகால் சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் திருத்திய மதிப்பீட்டில் இது கூடியதா குறைந்ததா என்பதைத்தான் குடியாத்தத்திலும் திருத்தணியிலும் இருக்கும் முன்னாள் படைவீரர் சங்கங்கள் முதலில் கேட்க வேண்டும்.

இப்போது மூலதனச் செலவு. ராணுவத்தின் பலம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேட்டால் பார்க்க வேண்டிய வரி இதுதான். 2016-17-இல் 78,587 கோடி. 2025-26-இல் 1,80,000 கோடி. 2.3 மடங்கு. நாட்டின் உற்பத்தியும் அதே 2.3 மடங்கு வளர்ந்திருக்கிறது. ஆக அன்றும் அரை சதவீதம், இன்றும் அரை சதவீதம். நடுவில் சில ஆண்டுகள் பின்தங்கி, லடாக் மோதலுக்குப் பிறகு 2021-22-இல் 1,13,734 கோடியிலிருந்து 1,35,061 கோடியாக ஒரே தாவலில் ஏறியதால்தான் இந்தச் சமநிலை வந்தது. இரு தரப்பும் இந்த வரியைத் தொடவே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இந்த 1,80,000 கோடியும் புதிதாக வாங்குவதற்கு என்று நினைத்துவிடக் கூடாது. அதில் ஆயுதங்களையும் தளவாடங்களையும் நவீனப்படுத்த 1,48,722 கோடி. மீதி ஆராய்ச்சிக்கும் கட்டுமானத்துக்கும். அந்த 1,48,722 கோடியிலும் பெரும்பகுதி ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களின் தவணை. ஒப்பந்தம் போடும்போது பொதுவாக 15 சதவீதம் வரை முன்பணம், வங்கி உத்தரவாதத்தின் பேரில். பிறகு கட்டம் கட்டமாக வேலை முடிய முடியப் பணம். பொருள் கைக்கு வந்து சோதனை முடிந்த பிறகு மிச்சம். ஒரு போர் விமான ஒப்பந்தம் ஆறேழு ஆண்டு பட்ஜெட்டுகளில் பரவிக் கிடக்கும். 36 ரஃபேல் விமானங்களுக்கு 2016 செப்டம்பரில் கையெழுத்தானது. அதன் தவணைகள் அடுத்த பல ஆண்டு மூலதனத்தைப் பிடித்துக்கொண்டன. 2018-இல் தரைப்படையின் துணைத் தளபதி நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் சொன்னதை எல்லோரும் படிக்க வேண்டும். நவீனமயத்துக்குக் கொடுத்தது 21,338 கோடி. நடந்துகொண்டிருந்த 125 திட்டங்களுக்குக் கட்ட வேண்டிய தவணை மட்டும் 29,033 கோடி. புதிதாக ஒன்றுமே வாங்காவிட்டாலும் பணம் போதாது. அந்த ஆண்டும் பட்ஜெட் 'உயர்ந்தது' என்றுதான் செய்தி வந்தது.

பணம் போதாத ஆண்டுகளை அடுத்து, பணம் திரும்பிப் போகும் ஆண்டுகளும் வருகின்றன. கேட்பதற்கு முரணாகத் தோன்றும். நடைமுறை தெரிந்தால் புரியும். தவணை, வேலை முடிந்தால்தான் விழும். உள்நாட்டுத் தயாரிப்பான தேஜஸ் எம்கே-1ஏ ரகத்தில் 83 போர் விமானங்களுக்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம். 2024 தொடக்கத்திலேயே வந்திருக்க வேண்டிய முதல் விமானம், அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய எஃப்404 இன்ஜின் தாமதத்தால் தள்ளிப்போனது. அந்த ஒப்பந்தத்தின் முதல் இன்ஜின் கைக்கு வந்ததே 2025 மார்ச்சில். ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணை அமைப்பு ஐந்துக்கு 2018 அக்டோபரில் ஒப்பந்தம். மூன்று வந்த பிறகு உக்ரைன் போர் மற்ற இரண்டையும் நிறுத்திவைத்தது. பொருள் வராவிட்டால் பில் வராது. பில் வராவிட்டால் மார்ச் 31-ஆம் தேதி பணம் காலாவதியாகி நிதி அமைச்சகத்துக்குத் திரும்பும். அடுத்த ஆண்டு இரண்டு ஆண்டுத் தவணையும் ஒன்றாக வந்து நிற்கும். அப்போது பட்ஜெட் போதாது. டிசம்பரில் திருத்திய மதிப்பீடு போடும்போதே இதைக் கணித்து வெட்டிவிடுகிறார்கள். மீதியைக் காலாவதியாக விடாமல் இருக்க ஜனவரி முதல் மார்ச் வரை அவசர அவசரமாகக் கோப்புகள் நகரும். அவசரத்தில் வாங்கும் பொருள், தேவைக்கு வாங்கியதாக இருக்காது. பில் தயாராக இருந்ததால் வாங்கியதாக இருக்கும்.

இதற்கு மருந்து புதிதில்லை. காலாவதியாகாத தனி நிதி ஒன்று வேண்டும் என்று 2004 இடைக்கால பட்ஜெட்டிலேயே 25,000 கோடிக்கு அறிவிப்பு வந்தது, கைவிடப்பட்டது. பதினைந்தாவது நிதிக் குழு 2021-26 காலத்துக்கு 2,38,354 கோடியில் பாதுகாப்பு மற்றும் உள்நாட்டுப் பாதுகாப்பு நவீனமயமாக்கல் நிதியைப் பரிந்துரைத்தது. அதுவும் நடைமுறைக்கு வரவில்லை. பட்ஜெட்டை உயர்த்து என்று கேட்கும் அரசியல் கட்சிகள் இந்த நிதியைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு. மூலதனத்தை இன்னும் பத்து சதவீதம் கூட்டுவதைவிட, ஒதுக்கியதை முழுவதும் செலவழிக்க வழி செய்வது அதிகப் பலன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒப்பந்த மதிப்பைப் பட்ஜெட்டோடு குழப்புவதையும் நிறுத்த வேண்டும். 2024-25-இல் பாதுகாப்பு அமைச்சகம் 193 ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டது. மதிப்பு 2,09,050 கோடி. 'ஒரே ஆண்டில் 2 லட்சம் கோடிக்கு ஆயுதம்' என்று செய்தி வந்தது. அந்த ஆண்டு மூலதனத்தில் மொத்தமாகவே திருத்திய மதிப்பீடு 1,59,500 கோடிதான். பிரசண்ட் ஹெலிகாப்டர் 156-க்கு மட்டும் 62,700 கோடி. கையெழுத்தான நாள் 2025 மார்ச் 28, நிதியாண்டு முடிய மூன்று நாள். சப்ளை மூன்றாம் ஆண்டில் தொடங்கி ஐந்து ஆண்டுக்குப் பரவும். அதாவது அந்தப் பணம் 2030-களின் பட்ஜெட் வரை போகும்.

டாலர் கணக்கையும் மறக்கக் கூடாது. அரக்கோணத்திலிருந்து பறக்கும் பி-8ஐ கண்காணிப்பு விமானங்களில் முதல் எட்டுக்கு 2009-இல் 210 கோடி டாலருக்கு ஒப்பந்தம். அன்று டாலர் 48 ரூபாயை ஒட்டி இருந்தது. தொகை சுமார் 10,000 கோடி. 2025 தொடக்கத்தில் டாலர் 87 ரூபாயை எட்டியது. அதே 210 கோடி டாலருக்கு இப்போது 18,000 கோடிக்கு மேல். விமானத்தின் விலை ஒரு டாலர்கூட ஏறவில்லை என்று வைத்துக்கொண்டாலும் இந்த நிலை. உள்நாட்டுக் கொள்முதல் என்று சொல்லும் தேஜஸுக்குள் இருக்கும் இன்ஜினுக்கும் டாலர்தான். மூலதன வரியை விலைவாசிக் குறியீட்டால் மட்டும் வகுத்தால் போதாது என்பதற்கு இது காரணம்.

வெளிநாட்டு ஒப்பீடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலக நாடுகளின் ராணுவச் செலவைக் கணக்கிடும், ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி ஆய்வு நிறுவனம் 2024-இல் இந்தியாவின் ராணுவச் செலவு 8,610 கோடி டாலர், உலகில் ஐந்தாம் இடம் என்கிறது. அது பென்ஷனையும் எல்லைக் காவல் படை போன்ற துணை ராணுவங்களையும் சேர்த்த கணக்கு. நம் பாதுகாப்பு அமைச்சகத்தின் எண்ணில் துணை ராணுவம் இல்லை, அது உள்துறையின் செலவு. பாகிஸ்தான் 2025 ஜூனில் 20 சதவீதம் உயர்த்தி 2.55 லட்சம் கோடி பாகிஸ்தான் ரூபாய் என்று அறிவித்தபோது, ராணுவப் பென்ஷன் 74,200 கோடி அதற்கு வெளியே இருந்தது. சீனா வெளியிடும் எண்ணைவிட சிப்ரியின் மதிப்பீடு வெகுவாக அதிகம். ஒவ்வொரு நாடும் எதைச் சேர்க்கிறது என்று பார்க்காமல் சதவீதங்களை அடுக்கிக் கட்சி கட்டுவது வீண்.

அடுத்த பிப்ரவரியில் யாராவது ஓர் எண்ணைக் காட்டினால் வாசகர்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் இணையதளத்தில் செலவு பட்ஜெட் பகுதிக்குப் போய்ப் பாதுகாப்பு அமைச்சகத்தின் நான்கு கோரிக்கைகளையும் எடுங்கள். கோரிக்கையின் எண் ஆண்டுக்கு ஆண்டு ஒன்றிரண்டு மாறலாம், பெயர் மாறாது. வரவுகளைக் கழித்த நிகரத் தொகையையே எடுங்கள். நான்கு பத்திகளையும் எழுதுங்கள். பென்ஷனைத் தனி வரியாக வையுங்கள், ஆனால் அழித்துவிடாதீர்கள். மூலதனத்தில் பட்ஜெட் மதிப்பீட்டுக்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள இடைவெளியைக் குறியுங்கள். உண்மைச் செலவு இரண்டு ஆண்டு தள்ளித்தான் வரும். உதாரணமாக, 2024-25-இன் உண்மைக் கணக்குக்கு இடம் 2026-27 பட்ஜெட் தாளின் முதல் பத்தி. உண்மைக் கணக்கு வரும்வரை ஓர் ஆண்டைப் பற்றி யார் தீர்ப்புச் சொன்னாலும் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

உங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். பட்ஜெட் மறுநாள் பதிப்பில் பாதுகாப்புக்கு ஒரே ஓர் எண்ணைப் பெரிய எழுத்தில் போடுவதற்குப் பதில், நான்கு கோரிக்கைக்கும் நான்கு பத்தியாக ஒரு சின்ன அட்டவணை போடுங்கள். கால் பக்கம்கூட வேண்டாம். அடியில் ஈசிஎச்எஸ் ஒதுக்கீட்டையும் அதன் திருத்திய மதிப்பீட்டையும் ஒரு வரியாகச் சேர்த்தால், மாநில எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் உள்ள பட்டாளத்துக் குடும்பங்கள் அதைக் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
பாதுகாப்புக் கணக்குத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசகர்,
காட்பாடி.